விழாமல் நடப்போம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், தில்லியின் கடுங்குளிரில் ஒரு ஜனவரி இரவு. என் தாயார் பாத்ரூம் போக எழுந்தார். காலில் கம்பளிக் காலுறை, கீழே டைல்ஸ் தரை, சுற்றிலும் இருட்டு. வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று.

அதன்பின் நடந்ததுதான் கவலைக்குரியது. மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கோயிலுக்கும் பார்க்குக்கும் போவதை அம்மா நிறுத்திவிட்டார். நாங்களும், "நீ உட்காரும்மா, நான் எடுத்துத் தரேன்" என்று அன்பாக அவரை நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்தோம். மூன்றே மாதத்தில், கையை ஊன்றாமல் அவரால் எழ முடியவில்லை. நாங்கள் செய்தது உதவியல்ல, உபத்திரவம் என்று டாக்டர் விளக்கியபோதுதான் புரிந்தது.

நாம் தடுமாறாமல் நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் கட்டளையைக் கால் தசைகள் நிறைவேற்றுகின்றன. வயதாக ஆக எல்லாமே சற்று மந்தமாகின்றன. ஆனால் தசையை எந்த வயதிலும் பலப்படுத்தலாம். நடக்காமல் இருந்தால் தசை மேலும் தளரும். தளர்ந்தால் மீண்டும் விழுவோம். பயம்தான் இந்தச் சுழலுக்கு ஆரம்பம்.

முதலில் வீட்டைக் கவனிப்போம். பாத்ரூம் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்துங்கள். துண்டு போடும் கம்பி உடல் எடையைத் தாங்காது. தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு போடுங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை இரவு விளக்கு எரியட்டும். ஓரம் சுருண்ட மிதியடி, நடைபாதையில் கிடக்கும் ஒயர், தேய்ந்த ரப்பர் செருப்பு, தரையில் புரளும் ரஜாய் இவற்றை அப்புறப்படுத்துங்கள். வெறும் காலுறையுடன் டைல்ஸில் நடக்க வேண்டாம்.

படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றலாம். ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது. ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையும் அவசியம்.

அடுத்தது பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டே செய்யலாம். தொடக்கத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

1. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல்: 10 முறை.
2. குதிகாலை உயர்த்தி இறக்குதல்: 10 முறை.
3. ஒற்றைக் காலில் நிற்றல்: ஒவ்வொரு காலிலும் 10 விநாடி.
4. ஒரு காலின் குதியை மறு காலின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நடத்தல்: 10 அடி.

வீட்டில் வாழும் முதியோரிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, உடற்பயிற்சியால் விழும் தடவைகள் சுமார் 23 சதவீதம் குறைவதாகக் கூறுகிறது.

அப்படியும் விழுந்துவிட்டால், அவசரமாகத் தூக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, அசைக்காமல் 112-ஐ அழையுங்கள். வலி இல்லையென்றால் ஒருக்களித்து, முட்டிபோட்டு, நாற்காலியைப் பிடித்து மெல்ல எழலாம்.

அம்மா இன்று கைத்தடியுடன் தினமும் பார்க்கை ஒரு சுற்று சுற்றி வருகிறார். தண்ணீர் டம்ளரைக்கூட நாங்கள் எடுத்துத் தருவதில்லை. அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் உட்கார்த்தி வைக்காதீர்கள். கூடவே நடந்து போங்கள்.