துர்கைக்கு யார் கண் திறக்குறாங்க?

கையில ஸ்கெட்ச் புக்கோட சுத்துற ஆளா நீங்க? அப்போ ஒரு தடவையாவது புரட்டாசி மாசம் கொல்கத்தாவுக்கு ரயில் ஏறிடுங்க ஃப்ரெண்ட்ஸ்! துர்கா பூஜைன்னா பந்தல், சீரியல் செட்டு, கூட்டம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. ஓவியரோட கண்ணுக்கு மட்டும் திருவிழா பல வாரம் முன்னாடியே, குமர்துலியில ஆரம்பிச்சுடும்.

வட கொல்கத்தாவுல, ஹூக்ளி நதிக்குப் பக்கத்துல இருக்கிற குயவர் பேட்டை அது. சோபாபஜார் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். குறுகலான சந்துகள், ரெண்டு பக்கமும் பட்டறைகள். மூங்கில் சட்டத்துல வைக்கோலை இறுக்கிக் கட்டி உடம்பு உருவாக்குறாங்க. அதுமேல உமி கலந்த களிமண். காய்ஞ்சதும் விரிசல் விட்ட இடத்துல துணி ஒட்டி, வழவழப்பான மண் பூசுறாங்க. அனாடமி வகுப்புல படிச்ச அதே வரிசைதான்... மூங்கில் எலும்பு, வைக்கோல் தசை, மண் தோல்!

வெள்ளை வெளேர்னு ஜொலிக்குற கிரீடத்தைப் பார்த்து மலைச்சுப் போவீங்க. அது 'ஷோலா'. தண்ணியில வளர்ற செடியோட தண்டு. நம்ம தஞ்சாவூர்க் கைவினைக்காரங்க குட்டிக் கோயில் செய்றாங்களே, அதே நெட்டிதான்!

கடைசியாத்தான் கண். மரபுப்படி மகாளய அமாவாசை அன்னிக்கு வரையணும். அதுவரைக்கும் மண் பொம்மையா நின்னது, தூரிகை பட்டதும் நம்மளைத் திருப்பிப் பார்க்கும். ஒரு கோடு பிசகினாலும் முகமே மாறிடும். அந்த நேரத்துல பட்டறையில பேச்சு மூச்சு இருக்காது.

ஆம்பளைங்க ராஜ்ஜியமா இருந்த இந்தச் சந்துல, அப்பா இறந்த பிறகு பட்டறையை ஏத்து நடத்திப் பேர் வாங்கினவர் சைனா பால். 'பொண்ணுக்கு எதுக்குடி ஃபைன் ஆர்ட்ஸ்?'னு வீட்ல கேட்டா, இவர் கதையைச் சொல்லுங்க.

சரி, சாமி சிலை நாட்டு நடப்பைப் பேசுமா? பேசிச்சே! 2020-ல ஊரடங்குல லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தே ஊருக்குப் போனாங்க இல்லையா? அந்த வருஷம் பெஹாலாவுல பரிஷா கிளப் பந்தல்ல, கைக்குழந்தையை இடுப்புல தூக்கிட்டு நிக்குற ஒரு ஏழைத் தாய்தான் துர்கை. செதுக்கினவர் பல்லப் பௌமிக். கும்பிட வந்தவங்க, ரோட்டுல நடந்தவங்களை நினைச்சுக் கலங்கினாங்க. அடுத்த வருஷம், 2021 டிசம்பர்ல, கொல்கத்தா துர்கா பூஜையை யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்துச்சு.

இவ்வளவு பாடுபட்டுச் செஞ்ச சிலை, விஜயதசமியில ஆத்துல கரைஞ்சுடும். நம்ம டிராயிங் மேல ஒரு சொட்டு டீ பட்டாலே நாம அழுது புரள்றோம்! பெரும்பாலான சிலையில செஞ்சவர் பேர்கூட இருக்காது. ஆனா கரையில ஒதுங்குற மூங்கில் சட்டங்களை எடுத்துத் திரும்பப் பயன்படுத்துறாங்க. சிலை போகும், கை பழகின வித்தை போகாது. கலைஞனுக்கு நிஜமான சொத்து எதுன்னு அங்கே நின்னு யோசிச்சுப் பாருங்க.

போறவங்களுக்கு ரெண்டு வேண்டுகோள். கேட்காம போட்டோ எடுக்காதீங்க. அவங்களுக்கு அது வேலை நேரம், வருஷச் சாப்பாடே அந்தச் சில வாரத்துல இருக்கு. செல்போனை உள்ளே வெச்சுட்டு ஓரமா உட்கார்ந்து வரைங்க. கை வரைய வரலையா? கவலையே வேணாம்... பழகிப் பார்க்க அவளுக்குப் பத்து கை இருக்கு!