மேடேறும் டீசல் வண்டிக்கு எந்த ட்ரான்ஸ்ஃபர் கேஸ்?

கேரளத்துப் பெருங்கடவிளையிலிருந்து கிழக்கே வெள்ளறடை, அம்பூரி என்று போகப் போக நிலம் உயர்ந்துகொண்டே போகும். ரப்பர் தோட்டங்களும் கல் குவாரிகளும் நிறைந்த இந்த அகத்தியமலை அடிவாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழைநாளில் செம்மண் சரிவில் சரக்கோடு ஏறும் ஜீப்பின் ஓட்டுநர், கியர் லீவருக்குப் பக்கத்திலுள்ள சின்ன லீவரையும் போட்டுத்தான் ஏறுவார். அந்த லீவருக்குக் கீழே, கியர் பாக்ஸின் பின்புறம் இருக்கும் பெட்டிதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்.

அதற்கு இரண்டு வேலைகள். கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்து கொடுப்பது முதல் வேலை. 'லோ'வில் போட்டால் சுழலும் வேகத்தைக் குறைத்து, அதே அளவுக்கு முறுக்குவிசையைக் கூட்டுவது இரண்டாவது வேலை. மஹிந்திரா தாரில் இந்த லோ விகிதம் 2.48. அதாவது வேகம் இரண்டரைப் பங்கில் ஒன்றாகக் குறையும். விசை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும். இறக்கத்திலும் இது உதவும். சேற்றுச் சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். லோ கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து மெல்ல இறக்கும்.

நம் நாட்டு ஜீப்புகளுக்கு மூலம், இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப். 1947இல் மஹிந்திரா அதைப் பம்பாயில் பூட்டத் தொடங்கியது. போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்பும் அந்த வழியில் வந்தவை. வில்லிஸில் இருந்தது ஸ்பைசர் 18 என்ற ட்ரான்ஸ்ஃபர் கேஸ். அதற்குள் நடுவே ஒரு கியர், அசையாத தண்டு ஒன்றின் மேல் சுழலும். இன்ஜின் விசை முழுவதும் அந்த நடுக்கியரைக் கடந்துதான் சக்கரத்துக்குப் போக வேண்டும். போர்க்கால ஜீப்பில் அந்தத் தண்டின் குறுக்களவு முக்கால் அங்குலம். போருக்குப் பின் ஒன்றே அரைக்கால் அங்குலமாகவும், பிறகு ஒன்றேகால் அங்குலமாகவும் தடிக்க வைத்தார்கள். ஒரு தண்டு வளையாமல் தாங்கும் திறன் அதன் குறுக்களவின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். முக்கால் அங்குலம் ஒன்றேகால் ஆனபோது அந்தத் திறன் நாலரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. வெளியே பெட்டி ஏறக்குறைய அதேதான். ஆகவே பெட்டியின் உருவத்தைப் பார்த்து வலுவை முடிவு செய்யக்கூடாது. உள்ளே தண்டின் தடிமன், கியர் பல்லின் அகலம், பேரிங்கின் அளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு வலு வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் டீசல் இன்ஜின், முதல் கியர் விகிதம் 4, லோ விகிதம் 2.5 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து 3,000 நியூட்டன் மீட்டர் வெளியே வர முடியும். ஆனால் டயர் அவ்வளவையும் ஏற்காது. வண்டியின் மொத்த எடை 2,500 கிலோ, டயரின் ஆரம் 38 செ.மீ., தரையின் பிடிமானம் 0.8, அச்சு விகிதம் 4 என்றால், சுமார் 1,860 நியூட்டன் மீட்டரிலேயே டயர்கள் நான்கும் வழுக்கத் தொடங்கிவிடும். இந்த வழுக்கல்தான் பெட்டியைக் காப்பாற்றுகிறது. இதே வண்டியில் கல்லை ஏற்றி 3,500 கிலோ ஆக்கி, 42 செ.மீ. ஆரமுள்ள பெரிய டயரையும் மாட்டினால் அந்த எல்லை சுமார் 2,880 ஆகிவிடும். இன்ஜின் தரக்கூடிய விசையை ஏறக்குறைய முழுவதுமாக இனிப் பெட்டி சுமந்தாக வேண்டும். சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே சிக்கிவிட்டால் வழுக்கவும் வழியில்லை. அப்போது எது நலிந்ததோ அது உடையும்.

வலுவான பெட்டி என்றதும் அனுபவசாலிகள் சொல்லும் பெயர் அமெரிக்காவின் நியூ ப்ராசஸ் 205. வார்ப்பிரும்பு உடல், உள்ளே முழுக்க கியர்கள், சங்கிலியே கிடையாது. 1989 முதல் 1993 வரை வந்த கம்மின்ஸ் டீசல் டாட்ஜ் பிக்கப்புகளில் இது இருந்தது. அதன் லோ விகிதம் வெறும் 1.96. இதற்கு நேரெதிராக, 2003 மாடல் ஜீப் ரூபிகானின் பெட்டி அலுமினிய உடலும் சங்கிலியும் கொண்டது. அதன் லோ விகிதம் 4. ஆக, வலு வேறு, விகிதம் வேறு. சங்கிலிப் பெட்டி எடை குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் நாளடைவில் சங்கிலி நீண்டு பல் தாண்டும். கியர்ப் பெட்டி கனமானது, இரையும். ஆனால் நெடுநாள் உழைக்கும். பாறை மேல் அங்குலம் அங்குலமாக ஏறுபவருக்கு 4 தேவை. குறைந்த வேகத்திலேயே நல்ல விசை தரும் டீசலோடு சேற்றிலும் தோட்டப் பாதையிலும் ஓடுபவருக்கு இரண்டரையே போதும். விகிதத்தைக் கூட்டினால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் அச்சும் கூடுதல் விசையைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. முன் ஷாஃப்ட் வெளியேறும் பக்கமும் முன் அச்சின் டிஃபரென்ஷியல் இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கியர் பாக்ஸ் தண்டின் பல்வரிகள் எண்ணிக்கையில் ஒத்துப்போக வேண்டும். பெட்டி நீளமானால் பின் ஷாஃப்ட் குட்டையாகி, கிராஸ் ஜாயின்ட்டின் கோணம் கூடி, சீக்கிரம் தேயும். வண்டியை இப்படி மாற்றுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். தயாரிப்பாளர் தந்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

புதிய பெட்டிக்குச் செலவு செய்வதற்கு முன், இருக்கும் பெட்டியின் அடித்திருகைக் கழற்றி ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையில் இறங்கும்போது சூடான பெட்டி சட்டென்று குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். காற்றுத்துளையில் ஒரு குழாயை மாட்டி மேலே ஏற்றிக் கட்டினால் இதைத் தடுக்கலாம். ஆயிலில் மினுங்கும் இரும்புத் தூள் கையில் நெருடினால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டியதே பல வண்டிகளில் இதற்குக் காரணம். வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத பெட்டியில் அந்த வித்தியாசம் ஷாஃப்டுகளிலும் கியர் பற்களிலும் முறுக்காகத் தங்கும்.

எடை, டயர், ஓடும் பாதை மூன்றையும் முதலில் தாளில் எழுதிக் கணக்குப் போடுங்கள். சரக்கைக் குறைத்து, அளவான டயர் மாட்டி, ஆயிலை நேரத்துக்கு மாற்றினால், பெரும்பாலான தோட்ட வண்டிகளுக்குக் கம்பெனி கொடுத்த பெட்டியே போதும். அதற்கு மேலும் கணக்கு மிஞ்சினால் வலுவான பெட்டியை வாங்குங்கள். அதோடு ஷாஃப்டுக்கும் அச்சுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.