கூரைக்குள் ஓர் ஓடை

பழைய ஓட்டு வீட்டை இடிக்க மனம் வராதவர்கள் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றாலோ பேரப்பிள்ளைகள் வந்துசேர்ந்தாலோ வீட்டின் பக்கவாட்டில் ஓர் அறையை இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். சுவர் எழுப்புவது எளிது. புதிய கூரை பழைய கூரையோடு எங்கே, எப்படிச் சேரப்போகிறது என்பதுதான் கடினமான கேள்வி. இரண்டு சரிவுகள் உள்பக்கமாக மடிந்து சந்திக்கும் அந்தப் பள்ளக்கோட்டைக் கூடுவாய் என்பார்கள். ஓட்டு வீடு ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, கூடுவாய் இருக்கிறதா என்றுதான்.

கூரையின் மற்ற பாகங்களெல்லாம் தண்ணீரை விரட்டுகின்றன. முகடு மழையை இரண்டாகப் பிரிக்கிறது, சரிவு கீழே இறக்குகிறது, இறவாரம் வெளியே தள்ளிவிடுகிறது. கூடுவாய் மட்டும் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் வாங்கிச் சேர்க்கிறது. ஆகவே அதை இரண்டு கூரைகளை ஒட்டவைக்கும் இணைப்பாக நினைத்துக் கட்டினால் தோல்விதான். கூரைக்குள் ஓடும் ஓர் ஓடையாக நினைத்துக் கட்ட வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். பழைய வீட்டின் கூரை முகட்டிலிருந்து இறவார நுனி வரை கிடைமட்டமாக 11 அடி. புதிய அறையின் கூரைக்கு அதே அளவு 8 அடி. இரண்டுக்கும் 2 அடிக்கு 1 அடி ஏறும் ஒரே வாட்டம், இறவாரங்களும் ஒரே உயரம். அப்படியானால் புதிய கூரையின் இரு பக்கமும் வரும் இரண்டு கூடுவாய்களில் ஒவ்வொன்றுக்கும் 88 சதுர அடிப் பரப்பின் மழை வந்துசேரும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், ஒரு கூடுவாயில் மட்டும் 400 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்கும். பழைய கூரையில் 8 அடி நீள இறவாரம் முழுக்கச் சொட்டவேண்டிய தண்ணீர் இப்போது ஒரு சாண் அகலத்தில் வந்து விழுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருஷத்தில் பாதி மாதங்களுக்கு இந்த ஓடை ஓடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அதே வீட்டில் கூடுவாயின் நீளம் என்ன? கிடைமட்டத்தில் ஒரு பக்கம் 8 அடி, மறு பக்கம் 8 அடி, உயரம் 4 அடி. 64, 64, 16 மூன்றையும் கூட்டினால் 144. ஆகவே நீளம் 12 அடி. பக்கத்திலிருக்கும் சாதாரணக் கைமரமோ அதே 4 அடி உயரத்தை 9 அடிக்கும் குறைவான நீளத்திலேயே இறங்கிவிடுகிறது. அதாவது கூரை 26 டிகிரிக்கு மேல் சாய்ந்திருக்க, கூடுவாயின் சாய்வு 20 டிகிரிகூட இல்லை. அதிகத் தண்ணீர் சேரும் இடத்தில்தான் ஓட்டமும் மந்தமாக இருக்கிறது. எந்தத் தச்சராலும் இதை மாற்ற முடியாது, ஏனென்றால் இது வடிவகணிதம்.

இந்த இடத்தில் ஓடு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கிடக்கும் மங்களூர் ஓட்டின் மூதாதை பிரான்சில் பிறந்தது. ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்கு அல்சாஸ் பகுதியின் கிலார்தோனி சகோதரர்கள் 1841-இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வகை ஓட்டை பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் 1865-இல் மங்களூரில் சுடத் தொடங்கினார். ஓர் ஓட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். சுமார் 41 சென்டிமீட்டர் நீளம், 23 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். ஒரு விளிம்பில் பள்ளமான காடி ஓடும், பக்கத்து ஓட்டின் உதடு அதற்குள் உட்காரும். அடியில் இருக்கும் குமிழ்கள் ரீப்பர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். உதட்டைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரைக் காடி வாங்கி, கீழ் வரிசை ஓட்டின் முதுகில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆணி, சாந்து எதுவும் இல்லாமல் ஒரு கூரையே நனையாமல் நிற்பது இந்தக் காடியால்தான்.

கூடுவாயில் ஓட்டைக் குறுக்குச் சரிவாக வெட்டியாக வேண்டும். வெட்டியவுடன் ஒரு துண்டில் காடி போய்விடும், இன்னொன்றில் குமிழ் போய்விடும். வெட்டுண்ட ஓடு பார்வைக்குத்தான் ஓடு, தண்ணீரைத் தடுக்கும் திறன் அதற்கு இல்லை. அந்த வேலையை அதற்கு அடியில் போடும் தகடுதான் முழுக்க முழுக்கச் செய்ய வேண்டும். கூடுவாய் கட்டுவதில் இதை மட்டும் புரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

வேலை நூலில் தொடங்குகிறது. பழைய கூரையின் பனைமரக் கைமரங்கள் பல வருஷப் பாரத்தில் லேசாகத் தொய்ந்திருக்கும். காகிதத்தில் போட்ட கோணம் அங்கே பொருந்தாது. அதனால் புதிய அறையின் கடைசிச் சுவரில் முகட்டின் உயரத்தைக் குறித்து, அங்கிருந்து பழைய கூரை வரைக்கும் மட்டமாக நூல் பிடிப்பார்கள். டியூபில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் சரிபார்ப்பார்கள். நீளமான நூல் நடுவில் தொங்கும், அரை அங்குலம் தொங்கினாலும் புள்ளி இடம் மாறிவிடும். "மக்ளே, நூலு தொங்கப்படாது, கேட்டியா" என்று ஆசாரி கீழே நிற்கும் பையனிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நூல் பழைய கூரையைத் தொடும் இடம் கூடுவாய்களின் தலை. இறவாரங்கள் இரண்டும் சந்திக்கும் உள்மூலைதான் கால். தலைக்கும் காலுக்கும் நடுவே சாயம் தோய்த்த நூலை இழுத்துச் சுண்டினால் ஓடையின் பாதை கோடாக விழுந்துவிடும்.

அடுத்து மரவேலை. இதில் இரண்டு வழி உண்டு. பழைய கைமரங்களை அறுத்து எடுத்துவிட்டு, கனமான கூடுவாய்க் கைமரம் ஒன்றை மூலையிலிருந்து மேல்வரை கொடுத்து, இரண்டு பக்கத்துக் குட்டிக் கைமரங்களையும் அதில் முட்டவைப்பது ஒரு வழி. புதிதாக வீடு கட்டும்போது அதுவே சரி. பழைய வீட்டுக்கு நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். ஓட்டையும் ரீப்பரையும் மட்டும் கழற்றிவிட்டு, பழைய கைமரங்களை அப்படியே விட்டு, அவற்றின் முதுகில் கோட்டை ஒட்டி அகலமான பலகையைப் படுக்கவைத்து அடிப்பது. புதிய கூரையின் குட்டிக் கைமரங்கள் அந்தப் பலகையில் வந்து உட்காரும். பழைய கூரை தன் பாரத்தைச் சுவருக்குக் கடத்தும் வழி எதுவும் அறுபடாது. பல வருஷமாக ஒன்றையொன்று தாங்கிப் பழகிய மரங்களை நடுவில் அறுப்பது எப்போதுமே ஆபத்து.

குட்டிக் கைமரங்களை வெட்டும்போது ஒரு நல்ல ஒழுங்கு தெரியும். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று வைத்தால், இந்த வாட்டத்தில் ஒவ்வொன்றும் முந்தையதைவிட 20 அங்குலத்துக்குச் சற்றே கூடுதலாகக் குறைந்துகொண்டே போகும். முதல் மரத்தைச் சரியாக வெட்டிவிட்டால் மற்றவற்றைத் தரையிலேயே தயார்செய்துவிடலாம். கவனிக்க வேண்டியது வேறொன்று. இரண்டு பக்கத்து ரீப்பர்களும் ஓடைக்கரையில் ஒரே மட்டத்தில் வந்து நிற்க வேண்டும். ஒரு கரை உயர்ந்தால் தகடு நெளியும், ஓடும் ஆடும்.

இப்போது தகடு. துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு, அலுமினியம் இரண்டும் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். 2 அடி அகலமாவது வேண்டும். நடுவில் 4, 5 அங்குலம் திறந்த ஓடையாக நிற்கும். இரு பக்கமும் 6 அங்குலத்துக்குக் குறையாமல் ஓட்டுக்கு அடியில் போக வேண்டும். அதற்கு அப்பால் விளிம்பைத் திருப்பி மடிக்கவும் இடம் வேண்டும். அரை அங்குலத்துக்குத் திருப்பிய அந்தச் சிறு மடிப்பைச் செலவு மிச்சம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பலத்த மழையில் ஒரு சரிவிலிருந்து பாயும் தண்ணீர் ஓடையைக் குறுக்கே தாண்டி எதிர்ப்பக்கத்து ஓட்டின் அடிக்குள் ஏறும். அதைத் திருப்பி அனுப்புவது இந்த மடிப்பு ஒன்றுதான்.

தகட்டில் ஆணி அடிக்கக் கூடாது. மடிப்பைக் கவ்வும் சிறு தகட்டுத் துண்டுகளைப் பலகையில் அறைந்து, அவற்றால் தகட்டைப் பிடித்துவைக்க வேண்டும். காரணம் வெயில். நண்பகலில் சுடும் தகடு, திடீரென்று மழை வந்தால் சுருங்கும். 12 அடி அலுமினியம் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். ஆணி அடித்திருந்தால் ஓட்டை பெரிதாகும். இங்கிலாந்தில் கூடுவாய்க்கு ஈயத் தகடு போடுகிறவர்கள் பொதுவாக ஒன்றரை மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போடுவதில்லை, ஈயம் அவ்வளவு நீளும். கடையில் தகடு பெரும்பாலும் 8 அடியாகக் கிடைப்பதால் நமக்கு எப்படியும் ஒரு சேர்மானம் வரும். கீழ்த் துண்டை முதலில் போட்டு, மேல் துண்டு அதன்மேல் 9 அங்குலமாவது ஏறியிருக்கும்படி வைக்க வேண்டும். மீன் செதில்போல, எப்போதும் மேலது கீழதை மூட வேண்டும். தகட்டுக்கு அடியில் பலகை இடைவெளியில்லாமல் இருக்கட்டும். ஓடு மாற்ற ஏறுகிறவர் ஒரு நாள் அதில் கால் வைப்பார்.

ஓடு வெட்டுவதில் அவசரம் ஆகாது. முழு ஓடுகளைத் தகட்டின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும்படி இரு பக்கமும் அடுக்கி, ஓடைக்கரையில் நூல் பிடித்துக் கோடு போட்டு, சாக்கட்டியால் வரிசை எண் எழுதி, இறக்கி, கட்டிங் மெஷினில் வெட்டி, அதே வரிசையில் திரும்ப ஏற்றினால் கரை கத்தியால் கீறியதுபோல நேராக வரும். மேலே வைத்தே வெட்டினால் தூளும் பொறியும் தகட்டில் விழுந்து பூச்சைக் கெடுக்கும். குமிழ் போன துண்டுகளைத் துளையிட்டுக் கம்பியால் ரீப்பரோடு கட்ட வேண்டும். கழற்றிய பழைய ஓடுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஓட்டின் அடியில் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு பல சமயம் கவ்வாது. பழைய பக்கத்தில் பழைய ஓட்டையே வெட்டிப் போடுவதுதான் பொருந்தும்.

இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் ஓட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் தெரியும் சந்து முழுக்கச் சிமெண்ட் கலவையை அப்பிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் இது. ஈரச் சிமெண்டின் காரம் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரிக்கும். ஓடும் தகடும் வெயிலில் வெவ்வேறு அளவில் அசையும்போது கலவை வெடிக்கும். மயிரிழை வெடிப்பு தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும், வெளியே விடாது. காற்றும் தண்ணீரும் போக வேண்டிய சந்தை அடைத்துவிட்டால், ஓட்டுக்கு அடியில் நுழைந்த சிறிது ஈரமும் மரத்துக்குத்தான் போகும். பறவையும் அணிலும் நுழைகின்றன என்றால் கம்பி வலை வைத்தால் போதும்.

நம் முன்னோர் வீடுகளுக்கும் கூடுவாய் புதிதல்ல. செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தைச் சுற்றி நாலு சரிவுகள் உள்நோக்கி இறங்கும்போது நாலு மூலையிலும் கூடுவாய்தான். தக்கலைக்கு அருகில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் தூண்களையும் பளபளக்கும் கருந்தரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பல காலங்களில் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய மாளிகைகளின் தொகுப்பு அது. அடுத்த முறை போனால், அவற்றில் ஒன்றான தாய்க் கொட்டாரத்து நடுமுற்றத்தில் நின்று, கூரைகள் உள்மூலையில் எப்படிச் சந்திக்கின்றன என்று அண்ணாந்து பாருங்கள்.

வேலை முடிந்ததும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஓஸ் குழாயை எடுத்துக்கொண்டு கூடுவாயின் கீழ்ப்பகுதியில் முதலில் தண்ணீர் விடுங்கள். ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும். கசிவு இல்லையென்றால் சற்று மேலே போங்கள். தலையிலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் உள்ளே வந்த தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் ஓடி, சம்பந்தமில்லாத இடத்தில் சொட்டும். அறையின் நடுவில் விழும் சொட்டுக்கும் மூலைக் கூடுவாய் காரணமாக இருக்கலாம்.

மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் ஏணி வைத்து ஏறி, ஓடையில் கிடக்கும் வேப்பிலை, ரப்பர் இலை, தென்னம்பூ எல்லாவற்றையும் அள்ளிவிட வேண்டும். ஈர இலை மாதக்கணக்கில் கிடந்தால் துத்தநாகப் பூச்சு கரைந்து இரும்பு தெரியும். கூடுவாயின் காலில் விழும் தண்ணீரையும் சும்மா விடக்கூடாது. ஒரே இடத்தில் விழுந்து உள்மூலையின் அடிமண்ணை அது பறித்துவிடும். மூலையில் ஒரு வாயகன்ற பெட்டி வைத்துக் குழாய் இறக்கினால் மழைநீர்த் தொட்டிக்கோ உறைகிணற்றுக்கோ கொண்டுபோகலாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் 2003-இல் கட்டாயமாக்கினார்கள். கூரைத் தண்ணீரில் ஒரு பங்கை இரண்டே இடத்தில் கொண்டுவந்து தரும் வீட்டுக்கு அதற்கான குழாய்ச் செலவு குறைவு. பருவத்தின் முதல் மழையை மட்டும் வெளியே திருப்பிவிடுங்கள். அதில் கூரையின் தூசியும் பறவை எச்சமும் கலந்திருக்கும்.