ரேடியல் ரோடு முடிகிற இடத்தில் ஓர் ஈமக்காடு

பெருங்குடியிலிருந்து 200 அடி ரேடியல் ரோட்டைப் பிடித்தால், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தையும் கீழ்க்கட்டளையையும் தாண்டிப் பல்லாவரம் வந்துவிடும். எகிப்திய மம்மியைப் பார்க்க ஹைதராபாத், ஜெய்ப்பூர் அருங்காட்சியகங்களில் வரிசையில் நிற்கிறோம். தினமும் வேலைக்குப் போய்வரும் இந்தச் சாலையின் மறுமுனையில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த இடம் இருப்பது நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863இல் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது இதே பல்லாவரத்தில். அதற்குப் பின், 1880களில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்குள்ள குன்றுப் பகுதியில் தோண்டியபோது சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழைகள் கிடைத்தன. தொட்டிபோல் நீண்ட உடல், மேலே மூடி, அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். தரையில் படாமல் நிற்க வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்த கை அது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பேழைகளைப் பார்க்கலாம். கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த, விலங்கு உருவில் வனைந்த பேழையும் அங்கே உண்டு.

மம்மி செய்த எகிப்தியர்களின் அக்கறை உடலில் இருந்தது. அவர்களுக்கு உடல் போய்விட்டால் எல்லாமே போயிற்று. உயிர் திரும்பி வந்து தன் உடலை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதனால் மூக்கு வழியாக மூளையை எடுத்தார்கள். நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனி ஜாடிகளில் வைத்தார்கள். நேட்ரான் உப்பில் உடலை உலர்த்தித் துணி சுற்றினார்கள். முழுச் சடங்குக்கும் 70 நாள். இதயத்தை மட்டும் பெரும்பாலும் உள்ளேயே விட்டார்கள். மறுவுலகத் தெய்வம் ஒசிரிஸின் சபையில், நீதித் தெய்வம் மாஆத்தின் இறகுக்கு எதிர்த்தட்டில் அதைத்தான் நிறுப்பார்கள். கனத்தால், முதலைத் தலை கொண்ட அம்மித் விழுங்கிவிடும்; இறந்தவருக்கு மறுவாழ்வே இல்லை.

நம் பக்கத்தில் அக்கறை வேறிடத்தில் இருந்தது. பல ஊர்களில் சதை மண்ணோடு போகட்டும் என்று விட்டு, எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிச் சேர்த்துத் தாழியிலோ பேழையிலோ வைத்தார்கள். ஆதிச்சநல்லூரில் முழு எலும்புக்கூடுகளும் தாழிக்குள் கிடைத்தன. உடலைக் காப்பாற்றவில்லையே தவிர, போகிறவரை வெறுங்கையோடு அனுப்பவில்லை: இரும்பு வாள், வெண்கலப் பாத்திரம், நெற்றியில் கட்டும் பொன்பட்டம், பானையில் தானியம்.

இரண்டு உலகங்களையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் காட்டுகிற இரண்டு பொருள்கள் உண்டு. கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸின் மம்மியை 1970களில் பாரீசில் ஆராய்ந்தபோது, மூக்கில் மிளகு இருந்தது. மிளகின் தாய்நிலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறி அது நைல் கரைக்குப் போயிருக்கும்! தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழியிலிருந்த நெல்லுக்குக் கரிமக் கணிப்பு தந்த காலம் கி.மு. 1155. அங்கே மன்னனுக்கு மிளகு; இங்கே பேர் தெரியாத ஒருவருக்கு நெல். என் நெஞ்சுக்கு நெருக்கமானது அந்த நெல்தான். பிரமிடு கட்ட ஒரு அரசே வேண்டும். ஒரு பிடி நெல் வைக்க வீட்டில் ஒருத்தி போதும்.

நம் இலக்கியமும் இதை மறக்கவில்லை. எரிப்பது, கிடத்திவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியில் கவிப்பது என ஐந்து முறைகளை மணிமேகலை சொல்கிறது. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் குயவனிடம், தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையச் சொல்கிறாள். மறுவுலகுக்காக அவள் கேட்டது தீர்ப்பையோ வரத்தையோ அல்ல, பக்கத்தில் இடம்.

பல்லாவரம் பகுதிப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. சட்டப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். ஆயுள் சேமிப்பில் மனை வாங்கியவர்களின் கோபம் நியாயமானது. தங்கள் காலடியில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது காட்டியிருந்தால், அந்தக் கோபத்தோடு கொஞ்சம் பெருமையும் சேர்ந்திருக்கும். பல்லாவரத்திலேயே ஒரு சிறு காட்சிக்கூடம் வைத்து, எழும்பூரில் இருக்கும் பேழைகளில் ஒன்றையாவது இங்கே கொண்டுவர வேண்டும். அதுவரை, இந்தப் பக்கம் கடைக்கால் தோண்டுகிற மேஸ்திரிகளுக்கும் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தடித்த சிவப்பு ஓடோ, கால் வைத்த மண்தொட்டியோ தட்டுப்பட்டால் கடப்பாறையை நிறுத்திவிட்டுத் தாசில்தார் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.