கனவின் எல்லையை வகுப்பது எது?

பதினைந்து வயதுப் பிள்ளையிடம், 'என்ன ஆக விரும்புகிறாய்?' என்று கேட்கிறோம். வரும் விடையை அதன் அறிவாற்றலுக்குச் சான்றாகவே பெரும்பாலும் கொள்கிறோம். உண்மையில் அவ்விடை, அப்பிள்ளை சமுதாயத்தை எவ்வாறு கண்டு வைத்துள்ளது என்பதற்கே முதற்சான்றாகும். தன்னைப் போன்றோர் எதுவரை சென்றனர், உழைப்புக்கு உரிய பலன் கிட்டுகிறதா என்பவற்றைக் கண்ட பின்னரே அது தன் விருப்பத்தை அளந்து சொல்கிறது.

மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை 2004இல் எழுதிய கட்டுரையொன்றில், எதிர்காலத்தை விரும்பும் ஆற்றலும் செல்வத்தைப் போலவே சமனின்றிப் பங்கிடப்பட்டுள்ளது என்றார். வறியவரிடம் விருப்பம் இல்லை என்பது அதன் பொருளன்று. விருப்பத்திற்கும் அதனை அடைவதற்கும் இடைப்பட்ட படிகளைக் காணும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவு என்பதே பொருள்.

திண்டுக்கல் சமவெளி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் பெருகின. பதின்வயதுப் பெண்களை மூன்றாண்டுகள் விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கி, முடிவில் ஒரு தொகை தரும் 'சுமங்கலித் திட்டம்' 2000ஆம் ஆண்டுகளில் இங்கும் பரவியிருந்தது. அத்தொகை திருமணச் செலவுக்கென்றே பேசப்பட்டது. அப்பெண்ணின் கண்முன் இருந்த படிகள் இரண்டே: ஆலை, அதன்பின் மணம். அவளுக்கான தொழிலைத் தேர்ந்தது அவள் அல்லள். வரதட்சணை கேட்ட சமுதாயமே.

நகரின் பூட்டுத் தொழிலும் இதையே உணர்த்துகிறது. திண்டுக்கல் பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. எனினும் அலிகாரின் மலிவான இயந்திரப் பூட்டுகளுக்கு எதிரே கைவினைஞரின் வருவாய் தேய்ந்து போயிற்று. தந்தையின் திறமைக்கு விலையில்லாமற் போனதைக் கண்ட மகன் பட்டறையை விட்டு விலகினால், அதைச் சோம்பல் என்று பழிப்பது நேர்மையாகாது.

2023இல் இந்நகரின் தச்சுத் தொழிலாளி ஒருவரின் மகள் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 600 பெற்று, தணிக்கையாளராக விரும்புவதாகக் கூறினார். மாவட்டமே மகிழ்ந்தது. ஆனால் பட்டயக் கணக்காளராவதற்கு அடிப்படை, இடைநிலை, இறுதி என மூன்று தேர்வுகளும் நடைமுறைப் பயிற்சியும் உண்டென்பதைச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோர் எத்தனை பேர்?

2007இல் தமிழக முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கிட்டியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. சட்டம் வாயிலைத் திறக்கும். அங்குச் செல்லும் வழியை மனிதர்தாம் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்தும் நம் ஜமாஅத்துகள், அப்படிகளில் ஏறியவரை ஒரு மாலைப்பொழுது பிள்ளைகளோடு அமர்த்தட்டும். வரதட்சணையை மறுக்கும் துணிவும் நம் இல்லங்களில் பிறக்கட்டும். பிள்ளைகள் காணும் சமுதாயம் நாமே என்பதை மறவாதிருப்போம்.