தலையிடியும் பனடோல் பெட்டியும்

புலம்பெயர்ந்த எங்கள் வீடுகளில் குசினி லாச்சிக்குள் ஒரு பனடோல் பெட்டி கட்டாயம் இருக்கும். பக்கத்தில் ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த சித்தாலேப. தலை இடித்தால் இரண்டு குளிசை, நெற்றியில் பூச்சு, பிறகு வழமை போல வேலை. எப்போதாவது வரும் தலையிடிக்கு இது போதும். மாதத்தில் பல நாட்கள் வரும் தலையிடிக்குப் போதாது. சில வேளைகளில் இந்தப் பழக்கமே அடுத்த தலையிடியைக் கொண்டுவருகிறது.

‘பீனிசம்’ என்றும் ‘கண்ணாடி மாற்ற வேண்டும்’ என்றும் நாங்கள் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிவது பல சமயம் மைக்கிரேன்தான். ஒற்றைத் தலையிடி என்று பெயர் இருந்தாலும் இரண்டு பக்கமும் இடிக்கலாம். விண் விண்ணென்ற குத்து, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, படி ஏறினால் கூடும் வலி ஆகியவை இதன் அடையாளங்கள். மருந்தில்லாமல் விட்டால் 4 முதல் 72 மணித்தியாலம் வரை நீடிக்கும். சிலருக்கு முன்னதாகக் கண்முன் வளைகோடுகள் மின்னும். பெண்களுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரக்கூடும். ‘வேலைக்குக் கள்ளம்’ என்று வீட்டில் சொல்வதை இனியாவது நிறுத்துவோம்.

மைக்கிரேன் உள்ளவரின் மூளைக்கு ஒழுங்கு குலைவது பிடிக்காது. ஒரு கிழமை இரவு வேலை, மறு கிழமை பகல் வேலை. காலையில் வெறும் ரீயோடு ஓட்டம். விரத நாளில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது. எல்லாவற்றையும் மாற்ற எங்களால் முடியாது. ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுவதும், லீவு நாளிலும் அதே நேரத்துக்கு எழும்புவதும் பலருக்கு உதவுகின்றன.

இனிக் குளிசைக் கணக்கு. பரசிற்றமோல், இபுபுறூபன் போன்றவற்றை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் எடுத்து வந்தால், மருந்தாலேயே தலையிடி நிலைத்துவிடலாம். கோடீன் கலந்தவற்றுக்கும் ‘ரிப்ரான்’ வகைகளுக்கும் 10 நாட்களே எல்லை. அவுஸ்திரேலியாவில் 2018 பெப்ரவரியிலிருந்து கோடீனுக்கு வைத்தியரின் சிட்டை வேண்டும். எங்கள் ஆட்களோ வேறு நாட்டிலிருந்து வரும் உறவினரிடம் அதைச் சொல்லி எடுப்பிக்கிறார்கள். இந்தப் பழக்கத்தை விடும்போது முதல் நாட்களில் வலி கூடும். அதனால் வைத்தியரின் துணையோடு விடுவதே நல்லது.

அடிக்கடி வருபவர்களுக்குத் தடுப்பு மருந்துகள் உண்டு. புறோப்பிரனலோல் முதலில் இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் வந்தது, ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. அமிற்றிப்ரிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. கடதாசியில் அதை வாசித்ததும் ‘எனக்கென்ன விசரா’ என்று குப்பையில் போட்டவர்கள் எங்களுக்குள் உண்டு. மைக்கிரேனுக்குக் குறைந்த அளவில்தான் அதைக் கொடுக்கிறார்கள். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லலாம். கண்முன் கோடு மின்னும் பெண்கள் கருத்தடைக் குளிசை கேட்கும்போது அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும்; சில வகைகள் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

திடீரென இடி விழுந்தது போல வரும் வலி, வாய் குழறல், ஒரு பக்கம் பலமிழத்தல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு என்றால் குளிசை தேட வேண்டாம், அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 50 வயதுக்குப் பிறகு முதல் தடவையாகத் தொடங்கும் தலையிடியையும் விரைவில் காட்ட வேண்டும்.

வைத்தியரிடம் போகும்போது இடித்த நாட்களையும் எடுத்த குளிசைகளையும் கலண்டரில் குறித்துக்கொண்டு போங்கள். போரில் தலையில் அடிபட்டிருந்தால், எத்தனை வருடமானாலும் சொல்லுங்கள். உடம்பில் எறிகணைச் சிதறல் இருக்கிறதென்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காந்தம் உலோகத் துண்டை அசைக்கக்கூடும். இதையெல்லாம் மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். பிள்ளையின் முன்னால் மாதவிடாயையும் சொல்லமாட்டோம், முகாமில் பட்ட அடியையும் சொல்லமாட்டோம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். வைத்தியரிடம் போவதற்கு நாள் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், காசில்லை. அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கத்தில் தொலைபேசி வழியாகவும் தமிழ் கிடைக்கும்.