கச்சேரியில் ஒரு கேள்வி: அன்றும் இன்றும்

கிண்ணியாவிலிருந்து பாதையிலும், மூதூரிலிருந்து லாஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் கடந்தும் திருகோணமலைக் கச்சேரிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. போனவரின் கையில் பெட்டிசம் இருந்தது. முன்பு கொடுத்த பெட்டிசம் எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்கும் உரிமை இருக்கவில்லை. ஓர் அதிகாரிக்குச் சங்கடம் தரக்கூடிய தகவலை, அது வெறும் உண்மை விவரமானாலும், வெளியே விடலாகாது என்பதே அரச ஊழியரைக் கட்டிய தாபனக் கோவையின் விதி.

அன்றும் கணக்கு ஒப்புவிக்கப்பட்டது. பிரித்தானியர் காலத்தில் இம்மாவட்டத்து உதவி அரசாங்க அதிபர் ஆண்டுதோறும் நிர்வாக அறிக்கை எழுதினார். அது ஆங்கிலத்தில் கொழும்புக்குப் போனது. வயல்காரரைப் பற்றி எழுதியதை வயல்காரர் வாசிக்க வழியில்லை.

1963இல் பழைய சிவில் சேவை ஒழிந்து நிர்வாக சேவை வந்தது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதிகாரம் பிரதேச செயலகங்களுக்கு இறங்கியது. திருகோணமலை மாவட்டத்தில் இன்று அவை 11. 2009இல் கிண்ணியாப் பாலமும் திறக்கப்பட்டது. அலைச்சல் குறைந்தது, கேள்விக்குப் பதில் மட்டும் இன்னும் எட்டாமலே இருந்தது.

அது மாறியது 2017 பெப்ரவரி 3இல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது. ஏன் கேட்கிறீர் என்று அதிகாரி கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சட்டப்படி தகவல் கொடுத்த அலுவலரைத் தண்டிக்கவும் முடியாது. 2006இல் போரினால் மூதூரை விட்டு ஓடியபோது காணிப் பத்திரங்களைத் தொலைத்தவர்களை நினைத்துப் பாருங்கள். அலுவலகக் கோப்பிலுள்ள பிரதிதான் அவர்களுக்கு எஞ்சிய சாட்சி.

இழப்பும் உண்டு. காணிக் கச்சேரியில் விண்ணப்பதாரரை நேரில் இருத்தி, ஊரார் முன் விசாரித்த அதிகாரிக்கு முகம் தெரிந்திருந்தது. இன்று கோப்பு இலக்கம் முந்திக்கொள்கிறது. அதைவிடப் பெரிய குறை வேறு. அரசாங்க சேவை ஆணைக்குழு 2001இல் பெற்ற சுதந்திரத்தை 2010இல் இழந்தது. 2015இல் மீட்டு, 2020இல் மறுபடி இழந்து, 2022இல் திரும்பப் பெற்றது. இடமாற்றத்துக்கு அஞ்சும் அலுவலர், கேட்பவர் முகத்தைப் பார்க்குமுன் அரசியல்வாதியின் முகத்தைத்தான் பார்ப்பார். இந்த அச்சம் நீங்காமல் எந்தச் சட்டமும் பாதிதான் வேலை செய்யும்.

ஆனாலும் கேளுங்கள். எழுத்தில், தமிழிலேயே கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்துமூல ஒப்புதலைத் திகதியுடன் கையில் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.